ஆறு மாதக் கெடு: விற்றே ஆக வேண்டியவரைத் தேடிய ஓர் உட்லண்ட்ஸ் குடும்பம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கணவர் பெயரில் மட்டும் வாங்கியது. மனைவி அதில் குடியிருப்பவராகத்தான் பதிவானவர். ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கணவருக்குத் துவாஸில் கப்பல் பழுதுபார்ப்பு மேற்பார்வை வேலை. மனைவிக்கு 40 வயது. சரக்கு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் மாதம் 7,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம், வேறு கடன் எதுவும் இல்லை. இருவரும் குடிமக்கள். வாடகைக்கு விடச் சிறிய கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடி) வீடு ஒன்று வேண்டும், நடப்பு விலைக்குக் கொஞ்சமாவது கீழே வேண்டும், தேடுவதற்கென்று பணத்தை இறைக்கக் கூடாது. இதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட திட்டம்.

இந்தக் குடும்பம் ஒரு மாதிரி. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகக் கோத்து எழுதியிருக்கிறேன். அவர்கள் பேசிய விலைகளும் அப்படியே. தீர்வை, கடன், சட்டம் பற்றிய எண்கள் மட்டும் உண்மையான விதிகள்.

ஏன் மனைவி பெயர் என்பதை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. 2023 ஏப்ரல் 27 முதல் சிங்கப்பூர்க் குடிமகன் இரண்டாவது வீடு வாங்கினால் கூடுதல் வாங்குவோர் முத்திரைத் தீர்வை, எல்லாரும் சொல்கிற ஏபிஎஸ்டி, 20 விழுக்காடு. மூன்றாவதுக்கு 30. நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கே 5, வெளிநாட்டவருக்கு 60. ஒரு மில்லியன் வெள்ளி வீட்டைக் கணவர் வாங்கினால் இரண்டு லட்சம் வெள்ளி தீர்வையாகவே போய்விடும். எவ்வளவு அவசரத்தில் இருப்பவரும் விலையில் அவ்வளவு விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மனைவி பெயரில் எந்தச் சொத்தும் இல்லாததால் அவர் தனியாக வாங்கும்போது ஏபிஎஸ்டி கிடையாது. வீவக வீடு இருவர் பெயரிலும் இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். ஒருவர் பங்கை மற்றவருக்கு மாற்றித் தருவதை 2016லேயே சில குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

கடனும் அவருடைய சம்பளத்தை மட்டும் வைத்துத்தான். மாதக் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதைக் கணக்கிடும்போது வங்கி உண்மையான வட்டியைப் பார்க்காது, குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளும். 750,000 வெள்ளிக் கடன், 25 ஆண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 3,960 வெள்ளி. 7,500ல் 55 விழுக்காடு 4,125. நுழைந்துவிடலாம், ஆனால் கையைக் காலை நீட்ட இடமில்லை. கையில் இருக்கும் 250,000 முன்பணத்தையும் சேர்த்தால் வீட்டு விலை ஒரு மில்லியன். அதற்குமேல் போகிற வீடு எவ்வளவு மலிவானாலும் அவர்களுக்கானதல்ல. தேடத் தொடங்குமுன் இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் மனைவி. கணவர் அதற்குள், மலிவாக வீடு பிடிக்கச் சொல்லித்தரும் கருத்தரங்கு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டிருந்தார்.

கருத்தரங்கில் கிடைத்த ஆயுதங்கள்

வார இறுதிக் கருத்தரங்கு. சொல்லித்தந்த உத்திகள் எல்லாம் அமெரிக்கச் சரக்கு. தெருமுனையில் 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்' என்று பலகை நடுவது. காரில் சுற்றி, புல் மண்டிய, கூரை பழுதான வீடுகளைக் குறித்துக்கொள்வது. வேறு ஊரில் வசிக்கும் உரிமையாளர்களின் பட்டியல், சொத்து வரி கட்டாதவர்களின் பட்டியல் வாங்கிக் கடிதமோ தொலைபேசியோ போடுவது. மரண அறிவிப்புகளைப் படித்து வாரிசுகளைத் தேடிப்போவது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டை வாங்காமலே ஒப்பந்தத்தை மட்டும் போட்டு, அதை இன்னொருவருக்குக் கைமாற்றி இடையில் காசு பார்ப்பது.

அங்கே இவையெல்லாம் நடக்கின்றன, அதில் பொய்யில்லை. ஆனால் இந்த ஊரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் வீவக புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில், இருக்கிறார்கள். புல் மண்டிய முற்றம் எங்கே பார்ப்பது? கீழ்த்தளத் தூணில் தாள் ஒட்டினால் அபராதம் வரும். புளோக்கின் கடிதப் பெட்டிகள் கண்ட தாளையும் யார் வேண்டுமானாலும் செருகிவிட முடியாதபடி அமைந்தவை. கொண்டோமினியத்தில் காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. தொலைபேசியில் கூப்பிடலாம் என்றால் 2014 ஜனவரி 2 முதல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு நடப்பில் இருக்கிறது. வணிக நோக்கில் கூப்பிடுகிறவர் அதைச் சரிபார்க்காமல் கூப்பிடக் கூடாது. ஒப்பந்தத்தைக் கைமாற்றும் வித்தை வீவக வீட்டில் செல்லவே செல்லாது, விருப்புரிமைப் பத்திரம் (சிறு தொகைக்கு ஈடாக, குறித்த நாள்வரை வாங்கும் உரிமை தரும் தாள்) யாருக்குத் தரப்பட்டதோ அவருக்கு மட்டும்தான். தனியார் வீட்டிலும், விற்பவரையும் வாங்குபவரையும் காசுக்காக இணைத்துவைப்பவர் பதிவுபெற்ற முகவராக இருக்க வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டம்.

மரண அறிவிப்பு விஷயத்தில் வீட்டிலேயே சண்டை வந்தது. தமிழ் முரசை விரித்து வைத்துக்கொண்டு கணவர் பெயர்களைக் குறிக்கத் தொடங்க, "பதினாறு கும்பிடாத வீட்டுக்குப் போயி விலை கேக்கப் போறீங்களா? நாளைக்குக் கோயில்ல அவங்க முகத்தப் பாக்க வேணாமா?" என்று மனைவி பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டார். மரியாதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வழியில் பயனில்லை. கணவன் மனைவி கூட்டாக முழு உரிமையோடு வைத்திருந்த வீடு இருப்பவருக்குத் தானாகப் போய்விடும்; அவர் விற்க அவசரப்பட மாட்டார். மற்ற சொத்துகளில் உயில் உறுதிச் சான்றோ நிர்வாக உரிமைப் பத்திரமோ நீதிமன்றத்திலிருந்து வந்து சேரும்வரை வாரிசு கையெழுத்துப் போட முடியாது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். துக்கம் கேட்கிற நாளில் விலை கேட்பவரால் செய்ய முடிவது ஒன்றுமில்லை, பகையைச் சம்பாதிப்பதைத் தவிர.

தேக்கா பக்கம் கோப்பிக்கடையில் ஒருவர் அறிமுகமானார். "எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க நாலு பேரு விக்க நிக்கிறாங்க தம்பி. ஒரு பெர்சன்ட் வச்சீங்கன்னா கூட்டிட்டுப் போறேன்" என்றார். சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரோ தொலைபேசி எண்ணோ போட்டால் பதிவு உள்ளவரா என்று தெரிந்துவிடும். இவர் இல்லை. அதோடு விட்டார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் சொத்தை ஈடு வாங்கிக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் யாருக்கு என்ன முடை என்பது பேரேட்டைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அந்தச் செய்தியை வாய்வழியாக விற்கிற ஆட்கள் அன்றும் இருந்திருப்பார்கள். இன்று அதற்கு உரிமம் வேண்டும், அவ்வளவுதான். பதிவுபெற்ற முகவரேகூட விற்பனைப் பணத்தைத் தன் கையில் வாங்கக் கூடாது, ஒரே விற்பனையில் இரண்டு தரப்புக்கும் முகவராக நிற்கவும் கூடாது. இந்த இரண்டையும் தெரிந்துவைத்திருந்தாலே பாதி ஏமாற்று தூரப்போய்விடும்.

பதிவேட்டில் இன்னொரு பயனும் உண்டு. எந்த முகவர் எந்த வட்டாரத்தில் எந்தெந்த வீடுகளைக் கைமாற்றியிருக்கிறார் என்பது அதிலேயே இருக்கிறது. 'இந்தப் பேட்டையின் நிபுணர்' என்று தாள் அடித்துக்கொள்பவரில் யார் உண்மையில் அங்கே விற்றவர் என்று மனைவி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அவசரம் எங்கே இருக்கிறது

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதே மனைவி தன் நோட்டில் போட்டுவைத்த ஒரு பிரிவுதான். விலை குறைத்துச் சொல்லும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கட்டங்கள்: அவசரம் ஆளிடமா, வீட்டிடமா. மணமுறிவு, ஊர் திரும்புவது, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வது, இரண்டாம் வீட்டுக்கான கெடு, வாரிசுகளுக்குள் பங்கு பிரிப்பது எல்லாம் ஆளிடம் இருக்கிற அவசரம். ஆள் போனதும் அவசரமும் போய்விடும். குறைந்த விலை வாங்கியவருக்கு லாபமாக நிற்கும். நிலக் குத்தகை ஆண்டு தேய்ந்த வீடு, இன வரம்பில் மாட்டிய வீடு, ஒழுகும் மாடி வீடு, ஒரே சமயத்தில் நூறு வீடு வாடகைக்கு வந்து நிற்கும் பேட்டை ஆகியவை வீட்டிடம் இருக்கிற அவசரம். அந்த வீட்டை வாங்குகிறவர் குறைந்த விலையோடு அதற்கான காரணத்தையும் சேர்த்தே வாங்குகிறார். தான் விற்கும் நாளில் அதே விலைக்குறைப்பை அவரும் கொடுத்தாக வேண்டும்.

கணவர் கொண்டுவந்த முதல் வீடு இதற்குச் சரியான உதாரணம். ஈசூனில் ஒரு வீவக வீடு. உறவினரின் பக்கத்து வீட்டுக்காரர், இந்தியக் குடும்பம். பல மாதமாக விற்க முடியாமல் விலையை இறக்கிக்கொண்டே வருகிறது. காரணம், அந்த புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு எட்டிவிட்டது. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15. பேட்டை அளவில் இவை 84, 22, 12. சீனர் வரம்பு எட்டிய புளோக்கில் ஓர் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, விற்றால் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். பக்கத்து வீட்டுச் சீனர் மட்டும் தாராளமாக இன்னொரு சீனருக்கு விற்கலாம். வாங்க வரக்கூடியவர்களில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிட, இந்தியக் குடும்பம் விலையை இறக்குகிறது. நம்மவர்கள் வீட்டில் பலரும் அனுபவித்த சங்கடம் இது. வரம்புகளின் நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். வீவகவின் இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். விற்க முடியாமல் தவிப்பவர்களுக்கு, மிகவும் தவிர்க்க முடியாத நிலைமைகளில் வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் 2022 மார்ச் முதல் இருக்கிறது.

"நாம இந்தியர்தானே, நாம வாங்கலாமே" என்றார் கணவர். வாங்கலாம். ஆனால் ஒருவர் இரண்டு வீவக வீடு வைத்திருக்க முடியாது. இருக்கிறதை விற்க வேண்டும். வாங்கியதில் ஐந்தாண்டு குடியிருக்க வேண்டும். அதுவரை முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. விற்கும் நாளில் புளோக்கில் சீனர் வரம்பு அப்படியே இருந்தால் இவர்களும் அதே வரிசையில் நிற்க வேண்டியதுதான். குடியிருக்க வீடு தேடும் ஓர் இளம் தமிழ்த் தம்பதிக்கு அது நல்ல வீடு. விலையும் குறைவு, இருபது வருடம் அங்கேயே இருந்துவிடப் போகிறவர்களுக்கு வரம்பு ஒரு பொருட்டே அல்ல. அப்படி ஒரு தம்பதிக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு இவர்கள் நகர்ந்தார்கள், காசு வாங்காமல்.

இரண்டாவது, கடிதத்தில் வந்தது. கருத்தரங்கு சொன்னவற்றில் இங்கே ஓரளவு செல்லுபடியாகக்கூடியது அஞ்சல்தான். 'அழைக்க வேண்டாம்' பதிவேடு தொலைபேசி எண்களுக்கு மட்டும் உரியது. பழைய லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி ஒன்றின் உரிமையாளர்களுக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் அனுப்பினார்கள்: நாங்கள் முகவர் இல்லை, எங்களுக்கென்றே ஒரு வீடு தேடுகிறோம், விற்கும் எண்ணம் இருந்தால் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர்களில் ஒருவர் முகவர். இன்னொருவர் பெரியவர், பிள்ளைகள் மெல்பர்னில்; பராமரிக்க முடியவில்லை, கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். விலை ஆசை காட்டியது. குத்தகை மிச்சம் 52 ஆண்டு.

2019 மே மாதத்திலிருந்து, குத்தகை வாங்குபவரின் 95 வயதுவரை வருகிறதா என்பதைப் பார்த்துத்தான் மத்திய சேமநிதியை (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) முழுதாகப் பயன்படுத்த விடுகிறார்கள். 40 வயதுக்காரருக்கு 55 ஆண்டு வேண்டும். 52 என்றால் சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறையும். பத்தாண்டு கழித்து விற்கப்போனால் மிச்சம் 42. அப்போது வாங்க வரும் 40 வயதுக்காரருக்கு இன்னும் குறையும், வங்கியும் தயங்கும். கூட்டு விற்பனை (கட்டடம் முழுவதையும் ஒரு நிறுவனத்துக்கு விற்பது) வந்தால் அள்ளலாமே என்று பெரியவரே சொன்னார். பத்தாண்டைக் கடந்த கட்டடத்துக்கு 80 விழுக்காடு பங்கு மதிப்பும் பரப்பளவும் கொண்ட உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் வாங்க ஒரு நிறுவனம் வர வேண்டும். அதற்கு எதிராக கேலாங் லோரோங் 3ன் 191 வரிசை வீடுகள் நிற்கின்றன: 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ல் முடிந்து, இழப்பீடு எதுவும் இல்லாமல் அரசுக்குத் திரும்பின. பெரியவரின் அவசரம் அவரிடம் பாதி, வீட்டிடம் பாதி. மனைவி வீட்டுப் பாதிக்குப் பயந்தார். எனக்கும் அந்தப் பயம் சரி என்றே படுகிறது. கூட்டு விற்பனை நம்பிக்கையை விலையோடு சேர்த்து வாங்குவது சீட்டாட்டம்.

ஏலத்துக்கும் போய்வந்தார்கள். ஏல நிறுவனங்களின் பட்டியல் இலவசம், உள்ளே போய் உட்காருவதும் இலவசம். உரிமையாளர் விற்பனை, அடமானம் பெற்றவர் விற்பனை என்று இருவகை. வங்கி கைப்பற்றிய வீடு என்றதும் அடிமாட்டு விலை என்று நினைக்கிறோம். வங்கிக்கு நியாயமான விலை பெற முயலும் கடமை சட்டப்படியே உண்டு. அதனால் தொடக்க விலை சந்தை விலையை ஒட்டித்தான் இருக்கும். விலைபோகாமல் திரும்பி, அடுத்த ஏலத்தில் சற்று இறங்கி வரும் வீடுகளில்தான் வாய்ப்பு. ஆனால் ஏலச் சுத்தியல் விழுந்த கணமே முன்பணம் கட்ட வேண்டும், யோசிக்க 14 நாள் கிடையாது, வீடு இருக்கிற நிலையில் அப்படியே. கடன் வரம்பு நூலிழையில் நிற்கும் ஒருவருக்கு இது ஏற்ற களமல்ல. கணவருக்கு மட்டும் ஏலச் சூழல் ரொம்பப் பிடித்துப்போனது.

சிராங்கூன் ரோட்டில் அல்ல, திரையில்

பலித்தது மிகச் சாதாரணமான வழி. ஹவ்காங், சிராங்கூன் பக்கம் ஆறு கொண்டோமினியங்களைத் தேர்ந்துகொண்டு, புராப்பர்ட்டிகுரு, 99.கோ இணையத்தளங்கள் இரண்டிலும் வரும் விற்பனை விளம்பரங்களை மனைவி வாரம் ஒருமுறை நோட்டில் குறித்துவந்தார். வீட்டின் அளவு, மாடி, கேட்கும் விலை, முகவர் பெயர். மறுபக்கம், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் கடந்த ஐந்தாண்டுத் தனியார் வீட்டு விற்பனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன: எந்தக் கட்டடம், எந்த மாடி வரிசை, எந்த மாதம், என்ன விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கேட்கிற விலைக்கும் கிடைக்கிற விலைக்கும் நடுவில் உள்ள தூரம் தெரியும். அதைவிட முக்கியமாக, மாற்றம் தெரியும். விலை இறங்கிய வீடு, முகவர் மாறிய வீடு, முதலில் சோபாவும் அலமாரியுமாக இருந்த படங்கள் பிறகு வெறும் அறைகளாக மாறிய வீடு. விளம்பரத்தில் 'அவசர விற்பனை' என்று எழுதியிருப்பதை அவர் சட்டைசெய்யவே இல்லை. அதை எல்லாரும்தான் எழுதுகிறார்கள்.

அப்படி ஒரு ஈரறை வீடு. கேட்ட விலை 1,100,000லிருந்து 1,070,000க்கு இறங்கியிருந்தது; இரண்டாவது முகவர்; படங்களில் வெறும் தரை. அதே கட்டடத்தில் அதே அளவு வீடுகள் அண்மையில் 1,045,000 ஒட்டிப் போயிருந்தன. மனைவி தனக்கென்று முகவர் வைத்துக்கொள்ளாமல் நேரடியாகக் கூப்பிட்டார். இது ஒரு சிறு சாதகம்: வாங்குபவர் பக்கம் முகவர் இல்லையென்றால் விற்பவரின் முகவர் தரகைப் பகிர வேண்டியதில்லை, ஆகவே முதல் அழைப்பு உங்களுக்கு வரும். ஆனால் அவர் விற்பவருடைய ஆள் என்பதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது. ஏன் விற்கிறார்கள் என்று கேட்டதற்கு, எதிர்பார்த்தபடி, "குடும்பம் பெருசாகுது" என்று மட்டும் சொன்னார்.

வீடு பார்க்கப் போன அன்று கதவைத் திறக்க உரிமையாளரே வந்திருந்தார், சீனப் பெண்மணி, இடுப்பில் குழந்தை. பேச்சு பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. புது வீடு சிராங்கூனில், பெரியது, குடிபோய் இரண்டு மாதம் ஆகிறது, மாடி தண்ணீர் அழுத்தம் மட்டும் சரியில்லை. அவ்வளவுதான் பேசியது. வீட்டுக்கு வந்து மனைவி கணக்குப் போட்டார். மறுவிற்பனை வீட்டை வாங்க ஒப்புக்கொண்ட நாளிலிருந்து சாவி கைக்கு வர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். குடிபோய் இரண்டு மாதம். ஆக வாங்கி நான்கிலிருந்து ஐந்து மாதம். ஆணையத்தின் தளத்தில் சிராங்கூன் வட்டாரத்தில் அந்த மாதம் நடந்த பெரிய வீட்டு விற்பனைகள் சிலவே. இரண்டு மில்லியனை ஒட்டியவை.

ஏன் இந்தக் கணக்கு? குறைந்தது ஒருவராவது குடிமகனாக உள்ள தம்பதி, முதல் வீட்டை விற்காமல் இருவரும் சேர்ந்து இரண்டாம் வீட்டை வாங்கினால் ஏபிஎஸ்டியை முதலில் கட்டிவிட வேண்டும். கட்டி முடிந்த வீடு என்றால், அதை வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் வீட்டை விற்றால் கட்டியது திரும்பக் கிடைக்கும். ஆறு மாதம் தாண்டினால் போயிற்று. இரண்டு மில்லியனுக்கு 20 விழுக்காடு நான்கு லட்சம் வெள்ளி. (55 வயதைக் கடந்த, துணை இல்லாத குடிமக்கள் இன்னும் மலிவான தனியார் வீட்டுக்கு மாறும்போதும் 2024 பிப்ரவரி 16 முதல் இதே ஆறு மாதச் சலுகை உண்டு, அந்தப் பக்கமும் கெடுவுக்குள் விற்பவர்கள் இருப்பார்கள்.) நான்கு லட்சம் நூலில் தொங்கும்போது விலையில் நாற்பது ஐம்பதாயிரம் விடுவது நஷ்டமே அல்ல. இந்த அவசரம் முழுக்க ஆளிடம் இருக்கிறது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. மனைவியின் நோட்டில் முதல் கட்டத்தில் டிக் விழுந்த ஒரே வீடு அதுதான்.

கெடு இருப்பவருக்கு விலை மட்டும் போதாது, கைவிட மாட்டார் என்ற நம்பிக்கையும் வேண்டும். வங்கியின் கொள்கையளவு ஒப்புதல் கடிதம், வழக்கறிஞர் பெயர், 10,000 வெள்ளிக் காசோலை மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மில்லியன் தருகிறோம், தாமதிக்காமல் முடிக்கிறோம், பழுது எதையும் சரிசெய்து தரச் சொல்ல மாட்டோம். விற்பவர் 1,030,000 என்றார். கையில் இருக்கும் முன்பணத்தை வைத்து மனைவியால் ஒரு மில்லியனைத் தாண்ட முடியாது என்பது உண்மை, அதையே சொன்னார். இரண்டு நாள் கழித்து முகவர் கூப்பிட்டு, சரி என்றார்.

இந்த இரண்டு நாளில் கணவர் ஆசைப்பட்டது வேறு. "அவங்க கெடு நமக்குத் தெரியுதுல்ல. 980க்கு அழுத்திப் பாக்கலாமே?" மனைவி மறுத்துவிட்டார். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நாம கணக்குப் போட்டு வந்த விலை இது, இதுக்குக் கீழ போனா அவங்க அண்ணன் தம்பிகிட்டயே வித்துருவாங்க." கடைசிச் சொட்டுவரை பிழிவதைத் திறமை என்று சொல்லித்தருகிற கருத்தரங்குகளுக்கு இது புரியாது. எதிராளிக்கு வேறு வழி இருக்கிறதா என்பது நமக்கு முழுதாக ஒருபோதும் தெரியாது.

காசோலையைக் கொடுக்குமுன் செய்த ஒரு செலவு: நில ஆணையத்தின் தளத்தில் சில வெள்ளி கட்டி உரிமையாளர் பெயரைச் சரிபார்த்தது. அச்சு, அஞ்சல், பேருந்து, இது எல்லாம் சேர்ந்தும் தேடுதல் செலவு கருத்தரங்குக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

வாங்கிய பிறகு

ஒரு விழுக்காடு கொடுத்து 14 நாள் விருப்புரிமை. அதற்குள் இன்னும் 4 விழுக்காடு, 40,000 வெள்ளி. ஆக 50,000 ரொக்கம். மிச்ச முன்பணம் 200,000 சேமநிதியிலிருந்து. வாங்குவோர் முத்திரைத் தீர்வை 24,600: முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2, அடுத்த 640,000க்கு 3. விருப்புரிமையைப் பயன்படுத்திய 14 நாளுக்குள் கட்டியாக வேண்டும்.

வாடகை 3,200 வெள்ளி பேசியிருக்கிறார்கள், ஆண்டுக்கு 38,400. சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி 12 விழுக்காட்டில் தொடங்குகிறது. ஆண்டு மதிப்பு (வரிக்காக மதிப்பிடும் ஆண்டு வாடகை) 36,000 என்றால் முதல் 30,000க்கு 3,600, மீதி 6,000க்கு 20 விழுக்காடாக 1,200. பராமரிப்புக் கட்டணம் மாதம் 350. இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை முகவருக்கு. கழித்தால் 27,800; போட்ட மொத்த விலையில் 2.7 விழுக்காடு, வங்கி வட்டிக்கும் வருமான வரிக்கும் முன்னால். சேமநிதியின் சாதாரணக் கணக்கே 2.5 தருகிறது. 45,000 வெள்ளி மலிவாக வாங்கியதை மாதாமாதம் கையில் பார்க்க முடியாது. அது விற்கும் நாளில் மட்டும் தெரிகிற பணம்.

அந்த நாள் பக்கத்தில் இல்லை. 2025 ஜூலை 4க்குப் பிறகு வாங்கியதால் விற்பனையாளர் முத்திரைத் தீர்வை நான்கு ஆண்டுக்குத் தொடரும்: முதல் ஆண்டில் விற்றால் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4. அந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்களுக்கு மூன்று ஆண்டோடு முடிந்துவிடும். இடையில் உட்லண்ட்ஸ் வீட்டைவிட்டு வேறு வீவக மறுவிற்பனை வீட்டுக்கு மாற நினைத்தால், முதலில் கொண்டோமினியத்தை விற்க வேண்டும், மானியம் இல்லாமல் வாங்குவதற்கு 15 மாதம் காத்திருக்கவும் வேண்டும். இந்தக் காத்திருப்பு 2022 செப்டம்பர் 30ல் வந்தது. 55 வயதைக் கடந்தவர்கள் நான்கறை அல்லது அதற்குச் சிறிய வீட்டுக்கு மாறினால் மட்டும் விலக்கு. மகன் பள்ளி மாறும்போது தெம்பனிஸ் போகலாம் என்று இருவருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

கணவர் இன்னும் ஏலப் பட்டியலை விடவில்லை. பழைய கடைத்தொகுதிகளில் சின்னக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வணிகச் சொத்துக்கு ஏபிஎஸ்டி இல்லை என்பது அவர் வாதம். சேமநிதியைத் தொட முடியாது, விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் விலைமேல் 9 விழுக்காடு ஏறும், காலியாக இருக்கும் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் எத்தனை என்பதை நேரில் போய் எண்ணிவாருங்கள் என்பது மனைவியின் பதில். அடுத்த சனிக்கிழமை எண்ணப் போகிறார்.